ஒரு நூல் நீளம் கூடிய அளவுகோல்

நான் முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கிய பழம்பொருள் ஓர் எஃகு அளவுகோல். வீட்டுக்கு வந்து என் அளவுகோலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன், தப்பாக இருந்தது. அதன் 12 அங்குலக் கோடு, என் கோலின் 12 அங்குலக் கோட்டைத் தாண்டி ஒரு நூல் தள்ளி நின்றது. அரைக்கால் அங்குலம்! அளவெடுக்கும் கருவியே அளவு தவறினால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏமாந்தது யாருக்கும் தெரியவேண்டாம் என்று இழுப்பறையின் அடியில் போட்டு மூடினேன்.

ஓராண்டு கழித்து, வார்ப்பாலை ஒன்றில் பேட்டர்ன் தச்சராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வேறு காரியமாக வந்தார். இழுப்பறையில் எதையோ தேடியபோது அந்தக் கோல் வெளியே வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தவர் சிரித்தார்.

“அது தப்பான கோல் ஐயா. தூக்கிப் போடவேண்டும்” என்றேன்.

“கோல் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. இது இன்னும் ஊற்றாத இரும்பை அளக்கிற கோல்” என்றார்.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு அடிக்குச் சுமார் ஒரு நூல் சுருங்குகிறது. பித்தளை ஒன்றரை நூல். அதனால் அச்சுக்கான மர மாதிரியை, அதாவது பேட்டர்னை, அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்தாகவேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ஆகவே அங்குலத்தையே நீட்டிவிட்ட கோல் ஒன்றைச் செய்துகொண்டார்கள். வரைபடத்தில் 12 என்றால் இந்தக் கோலில் 12 அளந்து மரத்தை வெட்டவேண்டியதுதான். சுருக்கம் தானாகச் சேர்ந்துவிடும். ஒரு டன் எடையுள்ள இழைப்பு இயந்திரமும் முதலில் மரமாக இருந்து, ஒரு தச்சர் கையால் உருவாகி, பிறகுதான் இரும்பானது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. என் சேகரிப்பு உண்மையில் தொடங்கியதும் அன்றுதான். கோலை வாங்கிய நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய மரவேலை இயந்திரங்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொட்டகை வேண்டும், சங்கிலிக் கப்பி வேண்டும், பொறுமையான குடும்பம் வேண்டும். எனக்கு வாய்த்தது ஒரே ஒரு பட்டை ரம்பமும் ஓர் அலமாரியும். அதனால் இயந்திரங்கள் விட்டுப்போனவற்றைச் சேர்க்கிறேன்: பொருட்பட்டியல்கள், இயக்கக் கையேடுகள், உதிரிபாகப் பட்டியல்கள், எண்ணெய் விடும் அட்டவணைகள், ஆலையின் படம் போட்ட கடிதத்தாள்கள், ரசீதுகள், பித்தளைப் பெயர்த்தகடுகள், விற்பனையாளர் கொடுத்துப்போன பென்சில்கள், காகித எடைகள், சட்டையில் குத்தும் வில்லைகள். காகிதங்களை மொத்தமாக ‘உதிரிக் காகிதங்கள்’ என்கிறேன். வேலை முடிந்ததும் தூக்கி எறிவதற்கென்றே அச்சானவை என்பதால்தான் அவை இன்று அரிது. ஒரு பட்டியலை எல்லாரும் எறிந்த பிறகு எறியாமல் விட்ட ஒருவரைத் தேடிப் போவதுதான் இந்தப் பொழுதுபோக்கு.

முதல் பெரிய வரவு, மூடப்பட்ட ஒரு மரப்பட்டறையிலிருந்து வந்தது. இயந்திரங்கள் எடைக்குப் போய்விட்டிருந்தன. வேலைமேசையின் கீழே இரண்டு மரப்பெட்டி நிறையக் காகிதம். “வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் பழைய காகிதக்காரருக்கு” என்றார்கள். நான் வண்ண அட்டை போட்டவற்றையும் படம் நன்றாக இருந்தவற்றையும் பொறுக்கினேன். கார்பன் நகல் கடிதங்கள், கத்தி சாணை பிடித்த நாள்களைக் குறித்திருந்த ஒரு நோட்டு, எந்த இயந்திரத்துக்கு எந்தப் பெல்ட் என்று எழுதிய கிழிந்த அட்டை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன். அழுக்காக இருந்தன என்பதுதான் காரணம். ஒரு வாரம் கழித்துப் புத்தி வந்து ஓடினேன். பெட்டிகள் போய்விட்டிருந்தன.

நான் எடுத்துவந்த அழகான பட்டியல்களின் பிரதிகள் வேறு பலரிடமும் இருக்கின்றன. அந்தச் சாணை நோட்டு உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. இப்போதெல்லாம் கிடைத்தால் பெட்டியோடு எடுக்கிறேன், பிரிப்பது வீட்டில்தான். எடுக்கும் முன் எது எதன் மேல் கிடந்தது என்று கைப்பேசியில் ஒரு படம். ஒரு கையேட்டின் நடுவே மடித்து வைத்த ரசீது அந்த இடத்தில் இருக்கும்வரைதான் அந்த இயந்திரத்தின் ரசீது. வெளியே எடுத்துத் தனியே வைத்துவிட்டால் அது ஏதோ ஒரு ரசீது. வந்த அன்றே ஓர் அட்டையில் எழுதிவிடுகிறேன்: எங்கே, எப்போது, யாரிடமிருந்து, எந்த இயந்திரத்தோடு இருந்தது, அதன் எண் என்ன. பிறகு நினைவிலிருந்து எழுதலாம் என்று விட்டவை எல்லாம் எனக்கு வெறும் காகிதங்களாகத்தான் மிஞ்சின.

அதே பெட்டியில் வந்த ஓர் எண்ணெய் அட்டவணையை நான் லேமினேட் செய்தேன். ஆம், வெட்கத்தோடுதான் சொல்கிறேன். சூடான பிளாஸ்டிக் படலத்துக்குள் போன காகிதத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஓரத்திலிருந்த பென்சில் குறிப்பு இன்று பளபளப்புக்கு அடியில் மங்கிக் கிடக்கிறது. இன்னொரு பாவம், ஒரு பித்தளைத் தகட்டைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தது. அந்தத் தகட்டின் கதை நீளமானது; பிறகு வருகிறேன்.

தேதியில்லாத காகிதத்துக்குத் தேதி கண்டுபிடிப்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த வேலை. உற்பத்தியாளர்கள் பட்டியலில் ஆண்டைப் போடத் தயங்கினார்கள்; போட்டால் அடுத்த ஆண்டே பழசாகிவிடும். ஆனால் காகிதம் வேறு வழிகளில் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் கடைசிப் பக்கத்தின் அடி மூலையைப் பாருங்கள். அமெரிக்கப் பிரசுரமாக இருந்தால் ‘5எம்-4-37’ என்பதுபோல எறும்பளவு எழுத்தில் ஏதாவது இருக்கலாம். அது அச்சகத்தின் குறிப்பு. எம் என்பது ரோமானிய ஆயிரம். ஐயாயிரம் பிரதிகள், 1937 ஏப்ரல் என்று பொருள். பல மாதங்கள் நான் இதைப் பாகத்தின் எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது முகவரி. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் 1943இல் அஞ்சல் மண்டல எண்கள் வந்தன. ‘மில்வாக்கி 1, விஸ்கான்சின்’ என்று ஊருக்கும் மாநிலத்துக்கும் நடுவே ஓர் எண் இருக்கும். 1963 ஜூலையில் ஐந்திலக்க ஜிப் எண் வந்தது. நடுவில் சிறிய எண் இருந்தால் அந்த இருபது ஆண்டுக்குள் அடங்கிவிடும். இருப்பில் இருந்த பழைய தாளைத் தீரும்வரை பயன்படுத்திய சிக்கனக்காரர்களும் உண்டு என்பதால் ஓரிரு ஆண்டு முன்பின் விட்டுப் பிடிக்கவேண்டும்.

நிறுவனத்தின் பெயரே ஒரு நாட்காட்டிதான். சின்சினாட்டியின் ஜே. ஏ. ஃபே நிறுவனமும் ஈகன் நிறுவனமும் 1893இல் இணைந்தன. இரண்டு பெயரும் சேர்ந்திருக்கும் தாள் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரின் ஆலிவர் நிறுவனம், 1890இல் அமெரிக்கன் மெஷினரி என்ற பெயரில் தொடங்கியது. ஆலிவர் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. ஹெர்பர்ட் டவுட்ஸ் 1919இல் மில்வாக்கியில் தொடங்கிய டெல்டா நிறுவனத்தை 1945இல் ராக்வெல் நிறுவனம் வாங்கியது. ஒரே துளை இயந்திரத்தின் கையேட்டை வெறும் டெல்டா என்றும், ராக்வெல் பெயர் சேர்ந்தும் என இரண்டு முகப்புகளோடு வைத்திருக்கிறேன். உள்ளே படங்கள் அச்சு அசலாக ஒன்றே.

படத்தை நம்பித் தேதி சொல்லாதீர்கள். மரச்செதுக்கு அச்சுக்கட்டைகளும் அவற்றின் உலோகப் பிரதிகளும் பத்து, இருபது ஆண்டுகள் உழைத்தன. புதுப் பட்டியலில் பழைய படத்தைச் செருகுவது சர்வ சாதாரணம். பதக்கங்கள் அதைவிட நம்பகமானவை. 1876 பிலடெல்பியா, 1893 சிகாகோ, 1900 பாரிஸ் என்று கண்காட்சிப் பதக்கங்களை அட்டையில் வரிசையாகப் போட்டுப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். கடைசிப் பதக்கத்துக்கு முன்னால் அந்த அட்டை அச்சாகியிருக்க முடியாது. அவ்வளவுதான் அது சொல்லும். எவ்வளவு பின்னால் என்று சொல்லாது.

இரும்பில் வார்த்த காப்புரிமைத் தேதியைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏழெட்டுப் பூச்சு வண்ணத்தின் அடியில் ‘ஆகஸ்ட் 6, 1907’ என்று இருக்கிறதா, 8 என்று இருக்கிறதா என்று ஒரு முறை நானும் இன்னொருவரும் அரைமணி நேரம் சண்டையிட்டோம். அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்படுகின்றன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 செவ்வாய், 8 வியாழன். நாட்காட்டி பஞ்சாயத்தை முடித்துவைத்தது. ஆனால் அது இயந்திரம் செய்த தேதி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. காப்புரிமை அப்போது 17 ஆண்டு செல்லும். அந்த ஆண்டுகள் முழுவதும், சில சமயம் அதற்குப் பிறகும், அதே பேட்டர்னில் அதே தேதியோடு வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டிஷ் இயந்திரங்களில் வேலை இன்னும் எளிது, தகடு பிழைத்திருந்தால். 1897இல் லெஸ்டரில் தொடங்கிய வாட்கின் நிறுவனத்தின் தகட்டில் வகையின் எழுத்துகளும் எண்ணும் குத்தப்பட்டிருக்கும். பேட்டர்ன் கடைசல் இயந்திரத்துக்கு ஆர்எஸ், மரத்தைத் துல்லியமான அளவுக்கு அறுக்கும் அளவு ரம்பத்துக்குப் பிகே. வாட்கின் ஆரம்பத்திலேயே பேட்டர்ன் தச்சர்களை மனத்தில் வைத்து இயந்திரம் செய்த நிறுவனம். என் நீண்ட கோலின் உறவினர்கள் என்று அந்தப் பிரசுரங்களுக்கு அலமாரியில் நல்ல தட்டாகக் கொடுத்திருக்கிறேன்.

தேதி தெரிந்த காகிதங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு தொழில் தன் விரல்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டது தெரிகிறது. பழைய இழைப்பு இயந்திரங்களில் கத்திகளை நான்கு பட்டையான சுழலும் கட்டையில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். சதுரம் சுழலும்போது மேசை விளிம்புக்கும் அதற்கும் நடுவே பெரிய இடைவெளி திறந்து மூடும். கை வழுக்கினால் உள்ளே இழுத்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்ட உருளைகள் வந்தன. அந்த இடைவெளி சுருங்கியது. கை போகிற விபத்து, விரல்நுனி போகிற விபத்தானது. சில பட்டியல்களில் இரண்டும் அடுத்தடுத்துக் கிடக்கும். சதுரமா வட்டமா என்பதை வாங்குபவர் விருப்பத்துக்கே விட்டிருப்பார்கள். வெட்டும் பகுதி தெளிவாகத் தெரியவேண்டும் என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் படமெடுப்பதும் வழக்கம். அந்தப் படங்களைப் பார்த்து மூடி இல்லாமல்தான் வேலை செய்தார்கள் என்று ஒரு முறை எழுதிவிட்டேன். பிறகு அதே இயந்திரத்தின் உதிரிபாகப் பட்டியல் கிடைத்தது. மூடி அதில் வரிசையாக, எண்ணோடு இருந்தது.

பட்டியல்களில் இன்னொரு வேடிக்கை, தந்திச் சொற்கள். தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம் என்பதால் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு சொல்லைச் சூட்டியிருந்தார்கள். ‘30 அங்குல அகலம், இரட்டைப் பக்க இழைப்பு, வலப்பக்கப் பெல்ட்’ என்று நீட்டாமல் அந்த ஒரு சொல்லை அடித்தால் போதும், ஆலைக்குப் புரிந்துவிடும். வேண்டுமென்றே ஒன்றோடொன்று குழம்பாத சொற்களாகத் தேர்ந்திருப்பதால், படிக்கும்போது ஏதோ மந்திரம்போல இருக்கிறது. ஒரு பழைய தந்தியில் பொருளற்ற சொல் ஒன்று கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். பக்கத்தில் பட்டியல் இருந்தால் அது முழு ஆணை.

கடிதத்தாள்களைப் பற்றிக் கொஞ்சம். மேலே பொறித்திருக்கும் ஆலைப் படத்தை யாரும் வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஓவியர் கூலி வாங்கியவர். கட்டடத்தை நீட்டுவார், தெருவை அகலமாக்குவார், எல்லாப் புகைபோக்கியிலும் புகை விடுவார். புகைதான் அன்றைக்குச் செல்வச் செழிப்பு. இரண்டே வரிக் கடிதம், ‘நீங்கள் கேட்ட பல்சக்கரம் தீர்ந்துவிட்டது’ என்று மட்டும். மேலே அரை அடிக்கு ஒரு சாம்ராஜ்யம்.

போலிக்கு வருகிறேன். எனக்கு நெடுநாள் ஆசையாக இருந்த ஒரு பெயர்த்தகடு ஒரு விற்பனையாளரிடம் வந்தது. வார்த்த பித்தளை, நல்ல கறுப்பேறி, எழுத்துகளின் மூலையில் அழுக்குகூட இருந்தது. வாங்கிவிட்டேன். நண்பர் ஒருவரிடம் அதே வகை இயந்திரம் அதே தகட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. முன்பொரு நாள் அதன் மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பதிவு எடுத்து வைத்திருந்தேன். புதுத் தகட்டை அந்தத் தாளின் மேல் வைத்தேன். இடது ஓரம் பொருந்தியது. வலது ஓரம் பொருந்தவில்லை. தகடு கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் குட்டை. திருகு துளைகளும் அதே கணக்கில் உள்ளே தள்ளியிருந்தன.

120 மில்லிமீட்டர் தகட்டில் 2 மில்லிமீட்டர். இழுப்பறையைத் திறந்து கோலை எடுத்தேன். அடிக்கு ஒன்றரை நூல் என்றால் நூற்றுக்கு ஒன்றரை. யாரோ அசல் தகட்டையே பேட்டர்னாக மணலில் பதித்து வார்த்திருக்கிறார்கள். அசலைச் செய்த பேட்டர்ன் தச்சர் தன் கோலில் சுருக்கத்தைச் சேர்த்திருந்தார். நகல் எடுத்தவருக்கு அந்தக் கோல் தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் பாதி, அந்தப் பெரியவரை நினைத்துச் சிரிப்பாகப் போய்விட்டது. நகல்கள் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். தகடு தொலைந்த இயந்திரத்துக்கு நகல் போடுவது நல்ல காரியம். நகலென்று சொல்லி விற்கவேண்டும், அவ்வளவே. இப்போது பார்க்கும் தகடுகளையெல்லாம் பென்சிலால் தேய்த்து எடுக்கிறேன். புகைப்படத்தில் அளவு நிற்காது. தேய்த்த தாளில் நிற்கும்.

காகிதப் போலிகளுக்கு ஒரு புற ஊதா விளக்கு போதும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்களைச் சேர்ப்பது 1950ஐ ஒட்டித்தான் பரவியது. 1910 என்று சொல்லப்படும் பட்டியல் அந்த விளக்கில் நீலமாக ஜொலித்தால் பின்னாளைய மறுபதிப்பு. ஜொலிக்காததால் மட்டும் அசல் என்று முடிவுகட்டவும் முடியாது. பழைய வெற்றுத்தாளில் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் எழுத்தைப் பாருங்கள். ஈய எழுத்து காகிதத்தை அழுத்தியிருக்கும், பின்பக்கம் விரலுக்கே தட்டுப்படும். இங்க்ஜெட் எழுத்தின் ஓரம் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும்.

பாதுகாப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் பொதுவாகத் தெரிந்தவை. பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் கசிந்து அச்சு மையைப் பெயர்க்கும். பாலியஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை நல்லது. துருப்பிடித்த குண்டூசி, கிளிப், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் வந்த அன்றே எடுங்கள். ஒட்டும் டேப்பால் கிழிசலை ஒட்டாதீர்கள். ஈரமும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தே வரும். ஒன்றை நிறுத்தினால் மற்றது குறையும்.

இரண்டு விஷயம் மட்டும் எளிதில் தெரியவராதவை. ஆலை வரைபடங்களின் நீல அச்சுகளை, அமிலத்தை முறிக்கக் காரம் சேர்த்த உயர்தர ஆவண உறையில் வைக்கக்கூடாது. மற்றக் காகிதங்களுக்கு மருந்தான அந்தக் காரம், நீல அச்சின் நிறத்தைத் தின்றுவிடும். காரம் சேர்க்காத நடுநிலை உறைதான் அதற்கு வேண்டும். வெளிச்சத்தில் வெளுத்த நீல அச்சை இருட்டில் வைத்தால் ஓரளவு நிறம் திரும்பும் என்பது ஓர் ஆறுதல். இன்னொன்று, 1896இல் காப்புரிமை பெற்ற வகையிலான, செல்லுலாய்டு மூடிய குத்துவில்லைகள். செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவி விடும். பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரிக்கும், எளிதில் தீப்பற்றும். என் வில்லைகளைக் காற்றோட்டமுள்ள தனித் தட்டில் வைத்திருக்கிறேன். காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ‘பத்திரமாக’ மூடியதில் ஒன்றின் பின்புறம் பச்சையாகப் பூத்துவிட்டது.

ஸ்கேன் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுங்கள். கறையைக் கணினியில் துடைத்து அழகாக்குவதாக இருந்தால் நகலில் செய்யுங்கள். என்னிடம் உள்ள ஒரு கையேட்டில் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகைகள் மூன்றே பக்கங்களில் மட்டும் இருக்கின்றன. மூன்றும் மரத்தை உள்ளே தள்ளும் ஊட்ட உருளையின் அழுத்தத்தைச் சரிசெய்யும் பக்கங்கள். அந்த இயந்திரத்தில் எது ஓயாமல் தொல்லை கொடுத்தது என்று எந்த வரியும் சொல்லவில்லை, ரேகை சொல்கிறது.

அந்தப் பித்தளைத் தகடு பாக்கி இருக்கிறது. சேகரிக்கத் தொடங்கிய புதிதில் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் ஓர் இழைப்பு இயந்திரம் கவிழ்ந்து கிடந்தது. உருக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்து, கேட்டு அனுமதி வாங்கி, தகட்டை மட்டும் கழற்றி எடுத்தேன். அன்றிரவே பாலிஷ் போட்டுக் கண்ணாடிபோல ஆக்கினேன். பள்ளங்களில் இருந்த கறுப்பு எனாமல் போயிற்று. கையால் குத்திய எண் ஏற்கெனவே மேலோட்டமாகத்தான் இருந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் ஆழம் குறைந்தது. அட்டையில் ஐந்து இலக்கங்களையும் எழுதி வைத்தேன்.

இயந்திரம் உருக்கப்படவில்லை. ஆறேழு ஆண்டு கழித்து, பெயரில்லாத ஓர் இழைப்பு இயந்திரத்தை ஒருவர் புதுப்பித்துக்கொண்டிருப்பதாகவும், தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகளும் பூச்சுப் படாத ஒரு செவ்வகமும் மட்டும் இருப்பதாகவும் நண்பர் மூலம் தெரியவந்தது. அவருக்கு எண் வேண்டும். எண் தெரிந்தால்தான் எந்த ஆண்டு வகை, எந்தத் தாங்கி (பேரிங்) பொருந்தும் என்று பார்க்க முடியும். தகட்டை எடுத்துக்கொண்டு போனேன். துளைகள் நான்கும் பொருந்தின.

அவர் தகட்டைச் சாய்த்து விளக்கின் கீழ் பிடித்தார். “நடு எண் 3ஆ, 8ஆ?” என்று கேட்டார்.

“3. அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.”

“நீங்கள் தேய்ப்பதற்கு முன்னால் எழுதினீர்களா, தேய்த்த பிறகா?”

பதில் சொல்ல எனக்கு நேரமாயிற்று. பிறகுதான் எழுதியிருந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தகட்டை ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கைவசமிருந்த கழற்றிய தகடுகள் மூன்றின் அட்டைகளையும் எடுத்து, அவை வந்த இயந்திரங்கள் எங்கே போயின என்று விசாரிக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து நிற்கிற இயந்திரத்தில் நான் திருகுமுடுக்கி வைத்ததில்லை. தேய்த்த தாளோடு வந்துவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்து அவரே அழைத்தார். மேசையின் முனையில் பழைய வண்ணத்தைச் சுரண்டியபோது வார்ப்பின் விளிம்பிலேயே எண் குத்தியிருப்பது தெரிந்ததாம். பல ஆலைகள் அப்படி இரண்டு இடத்தில் குத்துவது உண்டு, எனக்குத்தான் தேடத் தோன்றவில்லை. நடு இலக்கம் 8. தகட்டைத் திருகி மாட்டிவிட்டதாகச் சொன்னார். அட்டையை எடுத்து 3ஐ ஒரு கோடு போட்டு அடித்தேன்; பக்கத்தில் 8 என்று எழுதி அன்றைய தேதியைப் போட்டேன். அடித்த 3 இன்னும் தெளிவாகப் படிக்கக்கூடியதாகவே இருக்கிறது.